கூட்டத்தின் குரல்: கால்பந்துப் பாட்டு வளர்ந்த கதை

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், நீர் வற்றிக் கிடந்த ஏரியின் உள்வாயில் இரண்டு ஊர் இளைஞர்களுக்குள் கால்பந்துப் போட்டி நடந்தது. எங்கள் வட்டாரத்தில் கபடியும் கிரிக்கெட்டும்தான் அதிகம். கால்பந்து ஆடுவோர் குறைவு. ஆயினும் அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கரை நெடுகிலும் ஆட்கள். ஒரு கோல்கம்பத்துக்குப் பின்னால் பறையோடு ஒரு கூட்டம். எதிர்க்கோடியில், மதகுக்கு அருகே, இன்னொரு கூட்டம். கோல்கம்பம் என்றால் இரண்டு சவுக்குக் கழிகள், அவ்வளவுதான். பந்து கழிக்கு மேலே போனதா, உள்ளே போனதா என்பதை நடுவரின் கண்ணும் இரண்டு ஊரின் தொண்டையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

பறை முழங்கியது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மீண்டும் மூன்று தட்டு. கூட்டம் கைதட்டத் தொடங்கியது. என் கைகளும் தாமாகத் தட்டின. பத்துப் பன்னிரண்டு முறை தட்டிய பிறகுதான், அந்தத் தாளத்தின் மேல் ஏறி வந்த சொற்கள் என் காதில் விழுந்தன. எதிர் அணியின் கோல்கீப்பருடைய தகப்பனார் செய்யும் தொழிலைச் சொல்லி, அவனை இழிவு செய்யும் கோஷம் அது. அந்தப் பையன் கல்லூரியில் என் மாணவன். அவன் என்னைப் பார்த்தான். நான் கையை நிறுத்திவிட்டேன். ஆனால் அதுவரை தட்டியது தட்டியதுதான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னைக் கேட்காமலே என் கைகள் எப்படித் தட்டின? கூட்டமாகப் பாடும் இந்தப் பழக்கம் எங்கே தொடங்கி எப்படி வளர்ந்தது? இயற்பியல் ஆசிரியன் என்பதால் மற்றொரு கேள்வியும் கூடவே எழுந்தது. இரு கோடியிலும் நின்று ஒரே தாளத்தைத் தட்டியவர்களின் ஒலி கடைசிவரை ஒன்றுசேரவே இல்லையே, அது ஏன்? தேடிப் படித்ததையும், பிறகு மாணவர்களோடு செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஆடுபவன் பாட்டும் பார்ப்பவன் பாட்டும்

நம் ஊர் ஆட்டங்களில் பாடுகிறவன் பெரும்பாலும் ஆட்டக்காரனே. சடுகுடுவில் எதிரணியின் எல்லைக்குள் புகுகிறவன் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போகவேண்டும். பாட்டு அறுந்தால் அவன் ஆட்டம் இழந்தான். அங்கே பாட்டு என்பது நுரையீரலை அளக்கும் கருவி, ஒருவகைக் கடிகாரம். சிறுமியர் ஆடும் கும்மியிலும் அப்படித்தான். பாட்டு இல்லாமல் ஆட்டம் இல்லை.

கால்பந்தில் இது தலைகீழ். ஆடுகிற இருபத்திரண்டு பேரும் பாடுவதில்லை. ஓடுகிறவனுக்கு மூச்சு ஓட்டத்துக்கே சரியாகப் போய்விடுகிறது. பாடுவது பார்க்க வந்தவர்கள். ஆக, கால்பந்துப் பாட்டின் வரலாறு ஆட்டத்தின் வரலாறாக இல்லாமல் கூட்டத்தின் வரலாறாக இருக்கிறது. பெருங்கூட்டம் ஓரிடத்தில் வாரந்தோறும் கூடுவதற்கு என்ன வேண்டும்? சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு தரும் தொழிற்சாலை வேண்டும், ரயில் வேண்டும், நுழைவுக் கட்டணம் கொடுக்கத் தொழிலாளியின் பையில் சில்லறை வேண்டும். இவை மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஒன்றுசேர்ந்தன. அங்கே நார்விச் நகர ரசிகர்கள் இன்றும் பாடும் ஒரு பாட்டு 1890களில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. இன்றும் வழக்கிலுள்ள கால்பந்துப் பாட்டுகளில் அதுவே மிகப் பழையது என்பர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நார்விச் சிட்டி கழகம் தோன்றியது 1902இல்தான்! பாட்டு முந்திப் பிறந்து தனக்கென ஒரு கழகத்தைத் தேடிக்கொண்டது.

மெட்டு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இரவல்தான். தேவாலயத்துத் துதிப்பாடல்களிலிருந்தும், நகரத்துப் பாட்டரங்குகளிலிருந்தும், பட்டாளத்து நடைப்பாட்டுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். இதற்குக் காரணம் சோம்பல் அல்ல. பத்தாயிரம் பேருக்கு ஒத்திகை நடத்த முடியாது; எல்லோருக்கும் முன்பே தெரிந்த மெட்டாக இருந்தால்தான் ஒருவன் தொடங்கியதும் மற்றவர்கள் சேர்ந்துகொள்ள முடியும்.

1927ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக் கோப்பையின் இறுதிப் போட்டி. கார்டிஃப் அணி ஆர்சனலை 1-0 என வென்றது. வானொலியில் ஒலிபரப்பான முதல் இறுதிப் போட்டி அது. அன்று ஆட்டத்துக்கு முன் கூட்டம் முழுவதும் சேர்ந்து ‘அபைட் வித் மீ’ என்னும் துதிப்பாடலைப் பாடிற்று. அது முதல் அந்த இறுதிப் போட்டியில் இப்பாடல் ஒரு சடங்காகிவிட்டது. ஹென்றி பிரான்சிஸ் லைட் என்ற பாதிரியார் 1847இல் எழுதியது. வில்லியம் மங்க் 1861இல் அதற்கு மெட்டமைத்தார். நம் வாசகர்களுக்கும் இது அந்நியமான பாடல் அல்ல. காந்தியடிகள் விரும்பிய பாடல் என்பதால், குடியரசு நாள் விழாவின் முடிவில் டில்லியில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் பல்லாண்டுகள் இதை வாசித்து வந்தார்கள். 2022இல்தான் அது அந்த நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே மெட்டு, ஓரிடத்தில் பந்தாட்டக் கூட்டத்துக்கு, ஓரிடத்தில் படைவீரர்களுக்கு!

கூரை கொடுத்த குரல்

கால்பந்துப் பாட்டின் வரலாற்றில் லிவர்பூல் நகரத்துக்குத் தனி இடம் உண்டு. அங்குள்ள ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஒரு கோலுக்குப் பின்புறம் ‘காப்’ எனப்படும் பெரிய படிமேடை. 1928இல் அதற்குக் கூரை போட்டார்கள். ஏறத்தாழ 28,000 பேர் தோளோடு தோள் உரச அதன்மேல் நின்று ஆட்டம் பார்த்தார்கள். 1963இல் அந்நகரத்தின் ‘ஜெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ்’ குழு ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ என்னும் பாடலை இசைத்தட்டாக வெளியிட்டது. 1945இல் அமெரிக்காவில் ‘கரௌசல்’ என்ற இசைநாடகத்துக்காக எழுதப்பட்ட பாடல் அது. இசைத்தட்டு ஓய்ந்தது, காப் ஓயவில்லை. இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

1989 ஏப்ரலில் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் அதே பாடல் இரங்கற்பாவாகவும் ஆனது. அந்தத் துயரத்தையொட்டி இங்கிலாந்தின் பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் மேடைகள் ஒழிக்கப்பட்டு, எல்லாம் இருக்கைகளாயின. 1994இல் காப் இருக்கை மேடையாக மாறியபோது அதில் அமரக்கூடியவர் தொகை 12,000 சுற்றளவுக்குச் சுருங்கியது. உயிர்ப் பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாட்டின் வலிமை குறைந்தது என்று பழைய ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே.

ஒருவர் கத்தும்போது ஒரு மீட்டர் தொலைவில் ஒலி 85 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் கத்தினால் 170 டெசிபெல் ஆகாது, 88தான். பத்துப் பேர் சேர்ந்தால் 10 டெசிபெல் கூடும்; நூறு பேருக்கு 20; ஆயிரம் பேருக்கு 30. நம் காதோ 10 டெசிபெல் கூடினால்தான் ‘இருமடங்கு உரக்கக் கேட்கிறது’ என்று உணரும். ஆகவே ஆயிரம் பேர் சேர்ந்து கத்தினாலும் காதுக்கு அது ஒருவன் கத்துவதைப்போல் எட்டு மடங்குதான்! இந்தக் கணக்கின்படி 28,000 பேர் 12,000 ஆகக் குறைந்தால் ஏற்படும் இழப்பு நான்கு டெசிபெல்கூட இல்லை. ஆகவே பழைய ரசிகர்களின் மனக்குறைக்கு ஆள் குறைந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது. நிற்பவன் நெஞ்சு விரியப் பாடுகிறான். அடுத்தவன் தோளசைவிலிருந்தே தாளத்தைப் பெறுகிறான். உட்கார்ந்தவனுக்கு இந்த இரண்டும் குறைவு. இது என் கருத்து, வாசகர்கள் மறுக்கலாம்.

கூரையின் பங்கு என்ன? எங்கள் ஏரி உள்வாயில் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. ஒரு மீட்டரில் 85 டெசிபெல்லாக இருந்த குரல் 64 மீட்டர் தொலைவை அடைவதற்குள் ஆறுமுறை இவ்வாறு குறைந்து 49 டெசிபெல் ஆகிவிடும்; வீட்டில் பக்கத்தில் இருப்பவரோடு சற்றே தாழ்ந்த குரலில் பேசுவதற்கு ஒப்பானது அது. கூரையோ மேலே போகவேண்டிய ஒலியைத் திருப்பி மைதானத்துக்கு அனுப்புகிறது. அதோடு பாடுகிறவன் காதுக்கே அவன் கூட்டத்தின் குரலைத் திருப்பித் தருகிறது. தன் குரல் பெரிதாகக் கேட்டால் மனிதன் இன்னும் உரக்கப் பாடுகிறான். குளியலறையில் பாடிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் எதிரொலிப்பு மிகுந்த இடத்தில் மெய்யெழுத்துகள் மழுங்கிவிடும். அவற்றின் ஆற்றல் குறைவு. உயிரெழுத்து, அதிலும் நெடில், தப்பிப் பிழைக்கும். உலகின் கால்பந்துக் கோஷங்களைக் கேட்டுப் பாருங்கள். ‘ஓ’வும் ‘ஆ’வும் ‘ஏ’யும்தான் மிகுந்திருக்கும். தொலைவில் இருப்பவரை அழைக்கும்போது உயிரோசையை நீட்டவேண்டும் என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். விளிக்கும் அளபெடைக்கும் அவர்கள் விதி வகுத்தபோது மைதானம் அவர்கள் மனத்தில் இருந்திராது. ஆயினும் ‘கோல்’ என்று ஊரே கூவும்போது அந்த ஓகாரம் எத்தனை மாத்திரை என்று எண்ணிப் பாருங்கள்!

ஒருவர் சொல்ல, பலர் சொல்ல

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பெருங்கூட்டத்துக்குச் செய்தி சொல்ல மனிதன் கண்ட வழி, ஒருவர் சொன்னதைப் பலர் திருப்பிச் சொல்வது. எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை இங்குள்ள குடவோலைக் கல்வெட்டுகள். சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுத்துக் கொடுக்க, மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்கவேண்டும். அவன் வாசித்ததை அங்கே இருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்கவேண்டும் என்பது விதி. தேர்தல் முறைக்காக இக்கல்வெட்டைப் பலரும் பாராட்டுகிறார்கள். எனக்கு இந்த ஓசை ஏற்பாடும் வியப்பளிக்கிறது. பலர் வாய்விட்டு வாசித்தபின் ஓலையில் இருந்த பெயரை யார் மாற்றிச் சொல்ல முடியும்?

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்திலும் இதே முறை. புரிசை போன்ற ஊர்களின் கூத்துக் கலைஞர்கள் விடிய விடியப் பாடுவார்கள். வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திப் பாடுவார்கள். ஏற்றம் இறைப்பதிலும், தேர்வடம் பிடிப்பதிலும், படகு தள்ளுவதிலும் அழைப்பும் விடையும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற மைதானப் பாட்டான ‘ஷோஷலோசா’வும் இத்தகையதே. தங்கச் சுரங்கங்களில் வேலை செய்ய ரயிலேறி வந்த தொழிலாளர்களின் உழைப்புப் பாட்டு அது. ஒருவர் முன்னே பாட, மற்றவர் பின்னே பாட, கடப்பாறை தாளம் போட்டது. அதுவே பின்னர் விளையாட்டு மைதானத்துக்கு வந்தது.

அதே தென்னாப்பிரிக்காவில் 2010 உலகக் கோப்பையின்போது பாட்டை வென்றது ஓர் ஊதுகுழல். வுவுசெலா எனப்படும் அந்தப் பிளாஸ்டிக் குழலின் நீளம் 65 சென்டிமீட்டர் அளவு. அது எழுப்பும் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 233 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு குழலும் சற்றே வேறுபட்ட அதிர்வெண்ணில் ஒலித்ததால் அவற்றுக்கிடையே விம்மல்கள் தோன்றித் தேனீக் கூட்டம்போல் இரைந்தது. பாட்டில் மேடு பள்ளம் உண்டு, நிறுத்தம் உண்டு. இந்த இரைச்சலில் அவை எல்லாம் மூழ்கிப்போயின. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் தன் போட்டிகளில் அதற்குத் தடை விதித்தது.

சொல்லே இல்லாத பாட்டு ஒன்று நாடு நாடாகத் தாவிய கதையும் சுவையானது. அமெரிக்காவின் ‘ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ இசைக்குழு 2003இல் வெளியிட்ட ‘செவன் நேஷன் ஆர்மி’ பாடலின் தொடக்கத்தில் கிட்டாரில் ஏழு ஸ்வரங்கள் வரும். அந்த ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் மிலான் நகருக்கு ஆட்டம் பார்க்கப் போன பெல்ஜியத்தின் புரூஜ் ரசிகர்கள் அதை வாயால் முழங்கினார்கள். அன்று அவர்கள் அணி 1-0 என வென்றுவிட்டது. ஆகவே மெட்டு புரூஜ் மைதானத்தில் நிலைத்தது. 2006 பிப்ரவரியில் ரோமா அணி அங்கே ஆடப்போனபோது ரோமாபுரி ரசிகர்கள் அதைக் கேட்டு எடுத்துவந்தார்கள். அந்த ஜூலையில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது நாடே அந்த ஏழு ஸ்வரங்களைப் பாடியது. மொழி தெரியவேண்டியதில்லை, அகன்ற குரல் வீச்சும் தேவையில்லை. தொற்றுநோய்க்குக் கிருமி போல, இந்தப் பாட்டுக்கு எளிமை!

நம் நாட்டில்

இந்தியாவில் கால்பந்துக் கூட்டம் என்றதும் கல்கத்தாதான் நினைவுக்கு வரும். 1911 ஜூலை 29இல் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என வென்று கேடயம் பெற்றது. ஆங்கிலேயர் பூட்சு அணிந்து ஆட, நம்மவர் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலோடு ஆடினார்கள். கூட்டத்தின் பின்வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியாது. ஆகவே கோல் எண்ணிக்கையைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டார்கள். காற்றாடியைக் கண்டு எழும் ஆரவாரம் மைதானத்து ஆரவாரத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் எழுந்திருக்கும். 1971இல் வெளிவந்த ‘தன்யி மேயே’ என்னும் வங்கத் திரைப்படத்தில் மன்னா டே பாடிய கால்பந்துப் பாடல் இன்றும் வங்காளியர் நாவில் இருக்கிறது.

கடல் கடந்த தமிழருக்கும் இதில் பங்குண்டு. 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசிய மைதானத்தில் எழுந்த ஆரவாரத்துக்குக் ‘காலாங் முழக்கம்’ என்றே பெயர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் பேசுவோர் ஒரே படிமேடையில் எழுப்பிய ஒலி அது. 1977இல் மலேசியக் கோப்பையை வென்ற சிங்கப்பூர் அணிக்குத் தலைவர் சமத் அல்லாப்பிச்சை, எஸ். ராஜகோபாலும் அந்த அணியில் ஆடினார். அந்தப் பழைய மைதானம் 2007இல் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. முழக்கத்தின் பெயர் மட்டும் இடிபடவில்லை.

சென்னையில் 2014இல் சென்னையின் எஃப்.சி. அணி தோன்றியது. நேரு விளையாட்டரங்கில் ‘பி ஸ்டாண்ட் புளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ என இரண்டு ரசிகர் குழுக்கள் உருவாயின. இரண்டாவது பெயரில் உள்ள உறவுமுறைச் சொல்லைக் கவனியுங்கள். முன்பின் தெரியாதவனையும் மச்சான் என்று தோளில் கைபோடும் சென்னைத் தமிழ் அது. அணி 2015இலும் 2018இலும் கோப்பையை வென்றது. 2018 மார்ச் 17இல் நடந்த இறுதிப் போட்டி பெங்களூரில், பெங்களூர் அணியின் சொந்த மைதானத்தில்! ஒன்பதாம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அரங்கம் முழுவதும் எதிரணிக்காக முழங்கியது. அந்த முழக்கத்துக்கு நடுவே சென்னை அணி 3-2 என வென்றது. கூட்டத்தின் குரல் எப்போதும் பந்தை உள்ளே தள்ளிவிடுவதில்லை.

அப்படியென்றால் கூட்டம் கத்துவதால் ஒன்றும் ஆவதில்லையா? 2002இல் ஆங்கிலேய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தகுதிபெற்ற நடுவர்கள் 40 பேருக்கு ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களை ஒளிப்படமாகக் காட்டினார்கள். பாதிப் பேருக்கு ஒலியோடு. பாதிப் பேருக்கு ஒலியில்லாமல். ஒலியோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சொன்ன தவறுகள் 15.5 விழுக்காடு குறைவு. கூட்டத்தின் ஒலி பந்தைத் தள்ளாமல் நடுவரின் மனத்தைத் தள்ளுகிறது போலும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல், வெற்று அரங்குகளில் ஆட்டங்கள் நடந்தபோது வெளியூர் அணிகளுக்குக் காட்டப்பட்ட மஞ்சள் அட்டைகள் குறைந்தன என்று பல ஆய்வுகள் கண்டன. தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு மட்டும் பதிவு செய்த ஆரவாரத்தைச் சேர்த்து ஒலிபரப்பினார்கள். கல்யாண வீட்டில் ஆள் வராமல் நாதஸ்வர ஒலிநாடா மட்டும் ஓடியதுபோல் இருந்தது எனக்கு.

ஆளில்லாத அரங்கின் வேதனையை அதற்கு முன்பே ஒருவர் சொன்னார். 2018 ஜூன் முதல் நாள் மும்பையில் இந்திய அணி ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் சுனில் சேத்ரி, எங்களைத் திட்டுவதாக இருந்தாலும் அரங்குக்கு வந்து திட்டுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். ஜூன் 4இல் அவருடைய நூறாவது ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பிவிட்டது.

பிந்தி வரும் தாளம்

இனி, என் ஏரிக்கரைக் கேள்விக்கு வருகிறேன்.

காற்றின் வெப்பநிலை 30 டிகிரியாக இருக்கும்போது ஒலி வினாடிக்கு 349 மீட்டர் செல்கிறது. ஒரு கோலுக்குப் பின்னால் இருப்பவருக்கும் எதிர்க்கோலுக்குப் பின்னால் இருப்பவருக்கும் இடையே 150 மீட்டர் இருந்தால், ஒலி போய்ச்சேர 0.43 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் கைதட்டினால் இரண்டு தட்டுக்கு இடையே 0.5 வினாடி. அதாவது எதிர்க்கோடியில் இருப்பவன் ஏறக்குறைய ஒரு தட்டு பிந்திக் கேட்கிறான்! அவன் கேட்டதைப் பின்பற்றித் தட்டினால், அது இங்கே வந்துசேர்வதற்குள் மேலும் ஒரு தட்டு போய்விடும். பெரிய அரங்குகளில் பாட்டு இழுத்து இழுத்து மெதுவாவதற்கும், இரு கோடிகளும் தனித்தனியாகப் பாடுவதற்கும் இது ஒரு காரணம்.

ஐஸ்லாந்து நாட்டார் 2016 ஐரோப்பியப் போட்டியில் ஓர் இடி முழக்கக் கைத்தட்டலால் உலகை வியக்கவைத்தார்கள். சுமார் 3,30,000 மக்களே உள்ள நாடு, இங்கிலாந்தை 2-1 என வென்ற ஆண்டு அது. முரசு இரண்டு முறை அதிரும். கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி எல்லோரும் ஒரே தட்டு, ‘ஹூ’ என்று ஒரே குரல். பிறகு சில வினாடிகள் நிசப்தம். இடைவெளி படிப்படியாகக் குறைந்து, வேகம் ஏறி, கடைசியில் கலைந்துபோகும். ஸ்காட்லாந்தின் மதர்வெல் ரசிகர்களிடமிருந்து 2014இல் இதைக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இதன் இரகசியம் அந்த நீண்ட இடைவெளியில் இருக்கிறது. மூன்று வினாடிக்கு ஒரு தட்டு என்றால் 0.4 வினாடிப் பிந்தலை யார் கவனிப்பார்? அதோடு கைகள் உயர்வதைக் கண் பார்க்கிறது. ஒளிக்குப் பிந்தல் இல்லை. வேகம் ஏறியதும் ஒலியின் பிந்தல் வென்றுவிடுகிறது.

ஆட்களை ஒன்றுசேர்க்கும் விசை எது? 1665இல் ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் மாட்டிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாக ஒத்தியங்குவதைக் கண்டார். சட்டத்தின் மிகச்சிறு அசைவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி சொன்னது. 2000இல் நேடா என்பவரும் நண்பர்களும் அரங்கக் கைத்தட்டலை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். முதலில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி வினாடிக்கு நான்கு முறைபோலத் தட்டுகிறார்கள். வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் வெறும் இரைச்சல். பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறார்கள். மெதுவாகத் தட்டும்போது ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைகிறது. திடீரென எல்லாக் கைகளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் தட்டு பாதியானதால் மொத்த ஒலி குறைகிறது. உற்சாகம் மிகுந்து மீண்டும் வேகத்தைக் கூட்டினால் ஒத்திசைவு உடைகிறது! ஒற்றுமையும் உரத்த ஒலியும் ஒருசேரக் கிட்டுவதில்லை.

என் கைகள் தாமாகத் தட்டிய மர்மம் ஓரளவு இதில் விளங்கிற்று. தாளம் ஆளைப் பிடித்து இழுக்கிறது. சொல்லின் பொருள் பிறகுதான் வந்து சேர்கிறது. ஐரோப்பிய மைதானங்களில் கறுப்பின ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குரங்கு போல் ஒலி எழுப்பும் கொடுமைக்கு எதிராக 2009இல் ஒரு மூன்றடுக்கு முறை வகுத்தார்கள்: முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்பு, அடுத்து இடைநிறுத்தம், பிறகு ஆட்டத்தையே கைவிடுதல். 2019 அக்டோபரில் சோஃபியா நகரில் பல்கேரியா-இங்கிலாந்து ஆட்டம் இருமுறை நின்றது. கத்தியவர்கள் எல்லோருமே கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எல்லோரும் குற்றமற்றவர்கள் என்றும் சொல்லமாட்டேன். ஏரிக்கரையில் நின்ற என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்று எங்கள் ஆட்டத்தில் அறிவிப்பும் இல்லை, இடைநிறுத்தமும் இல்லை. பறை அடித்துக்கொண்டிருந்த பெரியவருக்கும் என்னைப்போலச் சொற்கள் பிந்தித்தான் கேட்டிருக்கவேண்டும். அவர் குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு, பறையைச் சூடு காட்டுவதற்காக வைக்கோலைக் கொளுத்தப் போய்விட்டார். மாலை வெயிலில் பறைத்தோல் தளர்ந்திருக்க வாய்ப்பில்லை. அது அவருக்கும் தெரியும். பறை நின்றதும் கோஷம் நான்கைந்து சுற்று தள்ளாடியது. ஒரு பகுதி முந்திற்று, ஒரு பகுதி பிந்திற்று. பிறகு வெறும் இரைச்சலாகிக் கரைந்தது. ஹைகன்ஸின் சட்டத்தை யாரோ உருவி எடுத்ததுபோல!

இரண்டு வாரம் கழித்து, அந்தக் கோல்கீப்பரையும் வேறு ஆறு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு அதே ஏரி உள்வாய்க்குப் போனேன். முதலில் அவனிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். “விடுங்க சார், நீங்க நிறுத்துனதையும்தான் பார்த்தேன்” என்றான். பிறகு நாடா பிடித்து 176 மீட்டர் அளந்தோம். அன்று வெப்பநிலை 35 டிகிரி; ஒலியின் வேகம் வினாடிக்கு 352 மீட்டர். ஆகவே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சரியாக அரை வினாடி. ஒரு கோடியில் ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து வினாடிக்கு ஓர் அடியாகத் தகரத்தைத் தட்டினான். மறுகோடியில் இருப்பவன், கண்ணை மூடிக்கொண்டு, தனக்குக் கேட்கும் அடியோடு சேர்த்துக் கைதட்டவேண்டும். சில அடிகளில் அவன் தாளத்தைப் பிடித்துக்கொண்டான். கோல்கீப்பர் பையன் நட்டநடுவில், 88 மீட்டரில் நின்றான்.

தகரம் தட்டியவன், “கைத்தட்டல் என் அடியோடு சரியாகச் சேர்ந்து வருகிறது” என்றான். கைதட்டியவனும் சேர்ந்துதான் தட்டுவதாகச் சத்தியம் செய்தான். நடுவில் நின்றவனோ இரண்டும் சேரவே இல்லை, ஒன்று மாற்றி ஒன்று வருகிறது என்றான். மூவரும் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூவர் சொன்னதும் உண்மைதான். நேரங்களைத் தாளில் குறித்துப் பார்த்தால் விளங்கும்: தகர அடி 0 வினாடியில் புறப்பட்டு நடுவனை 0.25இல் அடைகிறது; மறுகோடியை 0.5இல். அப்போது எழும் கைத்தட்டல் நடுவனை அடைவது 0.75இல், தகரம் தட்டுகிறவனை அடைவது 1.0இல், அவனுடைய அடுத்த அடியோடு. கால் தூரத்தில், அதாவது தகரத்திலிருந்து 44 மீட்டரில், நின்றால் என்ன கேட்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நாங்கள் நின்று பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு சவுக்குக் கழிகளைத் தேடப் போய்விட்டார்கள்.